சாப்பாட்டுக்கும் முன்பணமா?

தொப்பூரில் பள்ளிக்கூடம் லீவு விட்டால் பிள்ளைகள் கேட்பது ஒகேனக்கல். தருமபுரி, பென்னாகரம் வழியாகப் பஸ்சில் போய்விடலாம். இரண்டு நாள் தங்க அறை கேட்டால், "மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்து இப்போதே கட்டிவிடுங்கள்" என்கிறார்கள் சில விடுதிகளில்.

கட்டலாமா?

அம்மாவுக்கு ஆசைதான். அங்கே போயும் சாப்பாட்டுக் கவலையா! ஆனால், ஒகேனக்கலில் மத்தியானம் யார் அறையில் இருக்கிறார்கள்? உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவிக் குளியல். பிறகு பரிசல். ஆற்றங்கரையில் மீன் விற்கிறார்கள். வாங்கிக் கொடுத்தால், அங்குள்ள பெண்கள் குழம்பு வைத்து, வறுத்தும் தருகிறார்கள். (கூலியை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.) அந்த மணம் மூக்கில் ஏறிய பிறகு, விடுதிச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் திரும்பி வருவார்களா? கட்டிய பணம் வீண். மீன் செலவு வேறு!

ஆடிப்பெருக்குக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து காவிரியில் வெள்ளம் வந்தால், குளிக்கத் தடை, பரிசலுக்கும் தடை. பயணம் நின்றால் சாப்பாட்டுப் பணம் திரும்ப வருமா? கேட்டு, ரசீதில் எழுதி வாங்க வேண்டும். அரை இட்லி தின்னும் குழந்தைக்கும் முழுப் பணமா என்றும் கேட்க வேண்டும்.

பாட்டி கூட வந்தால் கணக்கு வேறு. நேரத்துக்குச் சாப்பிட்டு மாத்திரை போடுகிறவர், பாறையில் நடக்க முடியாதவர். அவருக்கு மட்டும் மூன்று வேளைக்கும் கட்டலாம். மற்றவர்களுக்குக் காலைப் பலகாரம் போதும். மத்தியானம் ஆற்றங்கரையில்தான்!