முஸ்லிம் விவாகச் சட்டம்: விளக்கம் யார் கையில்?

ஹட்டனிலிருந்து நோர்வூட் நோக்கிச் செல்லும் பாதையில் தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த சிறு நகரம் டிக்கோயா. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே கடைவீதியில் வியாபாரம் செய்கின்றனர். ஒரே பஸ்ஸில் பயணிக்கின்றனர். ஒரே வைத்தியசாலையில் வரிசையில் நிற்கின்றனர். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் தமிழ் மொழியிலேயே பாடம் படிக்கின்றனர். ஆனால் திருமணம் என்று வந்துவிட்டால் இந்தக் கடைவீதியை மூன்று சட்டங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. தமிழருக்கு 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். கண்டியச் சிங்களவர் விரும்பினால் 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்.

முதலிரண்டு சட்டங்களிலும் திருமணத்துக்கான ஆகக் குறைந்த வயது 1995ஆம் ஆண்டில் இரு பாலாருக்கும் 18 ஆக உயர்த்தப்பட்டது. மூன்றாவதில் 1951இல் எழுதப்பட்ட 23ஆம் பிரிவு அப்போது தொடப்படவில்லை. 12 வயது நிறைவடையாத சிறுமியின் திருமணத்தைக் காதியாரின் அனுமதியின்றிப் பதிவு செய்யலாகாது என்பதே அப்பிரிவின் சாரம். 12 வயதைக் கடந்தவளுக்கு அந்த அனுமதியும் தேவையில்லை என்பது அதன் மறுபக்கம். 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, 16 வயதுக்குட்பட்ட சிறுமியுடனான உடலுறவு அவளது சம்மதம் இருந்தாலும் வன்புணர்வு என வரையறுக்கப்பட்டபோது, 12 வயதுக்கு மேற்பட்ட மனைவி அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டாள். ஒரே வகுப்பறையில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரு மாணவியரில் ஒருத்திக்குச் சட்டம் அரணாக நிற்க, மற்றவளுக்கு அந்த அரணில் ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டது.

தமிழ் வாசகர்கள் இதை அடுத்த வீட்டுக் குறையாக மட்டும் பார்த்துவிடலாகாது. 1995க்கு முன்னர் பொதுச் சட்டத்திலும் பெண்ணின் வயது 12 ஆகவே இருந்தது. ஐரோப்பிய, பறங்கியப் பெண்களுக்கு மாத்திரம் 14 என்று வெள்ளைக்கார ஆட்சியினர் எழுதி வைத்திருந்தனர். தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்கும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கும் 12 வயதே போதுமென்ற அந்த எண்ணம் சுதந்திரத்துக்குப் பின்னரும் அரை நூற்றாண்டுக் காலம் சட்டப் புத்தகத்தில் உயிரோடிருந்தது.

மாற்றத்தை எதிர்ப்போரின் முதன்மையான வாதம், இது இறைவன் வகுத்த சட்டம், இதில் மனிதர் கைவைக்க முடியாது என்பதாகும். நம்பிக்கையின் பாற்பட்ட இந்த வாதத்தை ஏளனம் செய்வது தவறு. ஆராயாமல் ஏற்பதும் தவறு. நம் முன்னுள்ள சட்டம் எங்கிருந்து வந்தது? 1770இல் ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து வரவழைத்த தொகுப்பே இதன் மூதாதை. ஆங்கிலேயர் 1806இல் அதனை முகம்மதியர் சட்டக்கோவையாகப் பிரகடனம் செய்தனர். கண்டிய மாகாணங்களுக்கு, அதாவது நமது மலைநாட்டுக்கு, அது 1852ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்றினாலேயே விரிவாக்கப்பட்டது. 1929இல் புதிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டு 1937இல் நடைமுறைக்கு வந்தது. 1951இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய இன்றைய சட்டம் 1954இல் அமுலுக்கு வந்தது. ஒவ்வொரு படியிலும் மனிதர்கள் கூடிப் பேசி, ஒன்றைச் சேர்த்து இன்னொன்றை நீக்கியிருக்கின்றனர்.

ஒரு சொல்லே இதற்குப் போதிய சான்று. மனைவி மீளப் பெறக்கூடிய உரிமைகளில் ஒன்றாகக் ‘கைக்கூலி’ இந்தச் சட்டத்தில் இடம்பெறுகின்றது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்தில் இந்தத் தமிழ்ச் சொல் அப்படியே நிற்கின்றது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் இப்பணத்துக்குக் குர்ஆனிலும் இடமில்லை, ஹதீஸிலும் இடமில்லை. மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹரே மார்க்கம் கூறுவது. நம் மண்ணின் வழக்கம் ஒன்று சட்டத்துக்குள் புகுந்து, பின்னர் சட்டத்தோடு சேர்ந்து புனிதமும் பெற்றுவிட்டது. (சீதனக் கொடுமை பற்றிப் பேசாத மேடையே இல்லாத நம் சமூகங்களில், இந்தச் சொல்லை நீக்குமாறு கோரி ஊர்வலம் போனவர் எவருமிலர்.)

சட்டம் மனிதர் தொகுத்தது என்றால், அதன் பின்னாலுள்ள வேத வசனங்களின் விளக்கம் என்ன? இங்கேதான் இஸ்லாமிய அறிவுலகின் வளம் நமது பொது விவாதங்களில் அரிதாகவே தென்படுகின்றது. இளவயதுத் திருமணம் செல்லும் எனக் கருதிய முற்கால அறிஞர்கள், ‘தலாக்’ அத்தியாயத்தின் 4ஆம் வசனம் கூறும் இத்தாக் காலக் கணக்கைத் தமக்கு ஆதாரமாகக் கொண்டனர். பெரும்பான்மையானோரின் கருத்து அதுவே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ‘நிஸா’ அத்தியாயத்தின் 6ஆம் வசனம், அநாதைகள் திருமண வயதை அடையும் வரை அவர்களைச் சோதித்து வருமாறும், அவர்களிடம் பகுத்தறியும் பக்குவம் காணப்பட்டால் சொத்தை ஒப்படைக்குமாறும் பணிக்கின்றது. திருமணத்துக்கென ஒரு வயதுண்டு என்ற கருத்தை இவ்வசனத்திலிருந்து பெற்றவர்கள் நவீனர்கள் மட்டுமல்லர். எட்டாம் நூற்றாண்டில் கூபா நகரில் வாழ்ந்த சட்ட அறிஞர் இப்னு ஷுப்ருமா, பருவமடையாத பெண்ணை அவளது தந்தையும் மணமுடித்துக் கொடுக்கலாகாது எனக் கருதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் உறங்கிய அந்தச் சிறுபான்மைக் கருத்தை உதுமானியப் பேரரசு தூசு தட்டி எடுத்து, 1917ஆம் ஆண்டின் குடும்ப உரிமைச் சட்டத்துக்கு அடிப்படையாக்கியது. அச்சட்டத்தில் மணவயது ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். அந்த இமாம் ஷாபிஈயே (767-820) பக்தாதில் வாழ்ந்தபோது கூறிய தீர்ப்புகள் பலவற்றை எகிப்தில் குடியேறிய பின்னர் மாற்றிக்கொண்டார். அவற்றைப் பழைய கருத்து, புதிய கருத்து எனப் பிரித்து மத்ரஸாக்களில் இன்றும் பாடம் நடத்துகின்றனர். இமாம் ஊர் மாறியபோது தமது தீர்ப்பை மறுபரிசீலனை செய்தார் என்று படிக்கும் மாணவன், ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கடந்த பின் தானும் அவ்வாறு சிந்திக்கலாமா எனக் கேட்பது நியாயமானதே.

வலி எனப்படும் பாதுகாவலர் விடயத்தையும் நோக்குவோம். 25ஆம் பிரிவு, மணப்பெண்ணின் சம்மதத்தை வலி தெரிவிக்க வேண்டுமென ஷாபிஈப் பெண்களுக்கே விதிக்கின்றது. அறிவும் வயதும் வந்த பெண் தன் திருமணத்தைத் தானே ஒப்பந்தம் செய்யலாம் என்பது இமாம் அபூஹனீபாவின் கருத்தாகும். தோட்டப் பகுதிகளுக்கு வியாபாரத்துக்கென வந்த இந்தியக் கரையோர முஸ்லிம்களிடையே ஹனபி மத்ஹபினரும் இருந்தனர். ஆகவே பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரரின் இரு புதல்வியருக்கு மார்க்கமே இரு வேறு விதிகளைக் கூறக்கூடும் என்பது இந்த மலைகளில் புதிய செய்தியன்று. கருத்து வேற்றுமையைச் சட்டமே அங்கீகரித்துள்ளபோது, ஒரே ஒரு கருத்துத்தான் இஸ்லாம் என்று வாதிடுவது எவ்வாறு?

ஒரு மத்ஹபின் விதி பெண்ணுக்குத் துன்பமாக முடியும்போது மற்றொன்றை நாடிய முன்னுதாரணமும் நம் துணைக்கண்டத்திலேயே உண்டு. கொடுமைக்கார, அல்லது காணாமற்போன கணவனிடமிருந்து விடுபட ஹனபிச் சட்டத்தில் வழி அரிதாக இருந்தமையால், பிரித்தானிய இந்தியாவில் சில பெண்கள் மதம் மாறித் திருமணத்தை முறிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். தேவ்பந்தின் பெரும் மரபுவாத அறிஞரான மௌலானா அஷ்ரப் அலி தானவி, 1931இல் வெளியிட்ட நூலில் மாலிகி மத்ஹபின் விதிகளைக் கையாண்டு அப்பெண்களுக்கு வழி திறந்தார். அதன் அடியொற்றியே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாகக் கலைப்புச் சட்டம் வந்தது. தானவியைச் சீர்திருத்தவாதி என்று எவரும் அழைத்ததில்லை.

இதற்கு அப்பாலும் செல்வோர் உளர். வசனம் அருளப்பட்ட சூழலுக்குச் சென்று அதன் நோக்கத்தைக் கண்டறிந்து, அந்நோக்கத்தோடு இன்றைய சூழலுக்குத் திரும்ப வேண்டும் என்றார் பாகிஸ்தானிய அறிஞர் பஸ்லுர் ரஹ்மான். தூனிசியாவின் தாஹிர் இப்னு ஆஷூர், ஷரீஆவின் நோக்கங்களை ஆராயும் பழைய கலைக்கு 1946இல் புத்துயிர் அளித்தார். ஆமினா வதூத் 1992இல் வெளியிட்ட நூல், குர்ஆனைப் பெண்ணின் நோக்கில் வாசித்தது. இவர்களது முடிவுகள் அனைத்தையும் ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆனால் அவற்றை மறுப்பதற்கேனும் முதலில் படிக்க வேண்டும். 1973இல் பேருவளையில் நளீமிய்யா கலாபீடத்தை நிறுவியதன் நோக்கங்களில் மார்க்கக் கல்வியையும் நவீனக் கல்வியையும் ஒருங்கே புகட்டுவதும் ஒன்று என்பது இங்கு நினைக்கத்தக்கது. அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே, கண்டியில் பிறந்த சட்டத்தரணி சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை வேண்டுமென நின்றவர். அவரும் தம் காலத்தில் எதிர்ப்பைச் சந்தித்தவரே.

பிற நாடுகளின் அனுபவம் இரு பக்கமும் பேசுகின்றது. ஷாபிஈ மத்ஹபினரே மிகுந்து வாழும் இந்தோனேசியா 2019இல் பெண்ணின் மணவயதை 16இலிருந்து 19 ஆக உயர்த்தியது. மொரோக்கோ 2004இல் 18 என விதித்தது. கூடவே நீதிபதி விசேட அனுமதி அளிக்கலாம் என ஒரு சாளரத்தையும் திறந்து வைத்தது. அந்தச் சாளரம் வழியாகவே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சிறுமியர் மணமேடைக்கு அனுப்பப்பட்டனர். விதிவிலக்கைக் காதியாரிடம் விட்டுவிடலாம் என்று இங்கே யோசனை கூறுவோர் இதைக் கவனிப்பது நல்லது.

இனி நமது நாட்டு அரசியலுக்கு வருவோம். உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் நியமிக்கப்பட்ட குழு, தன் அறிக்கையைக் கையளிக்க 2018 ஜனவரி வரை காலம் எடுத்துக்கொண்டது. அதுவும் ஒருமித்த அறிக்கையாக அமையவில்லை. நீதியரசரின் தரப்பு ஒருபுறமும், ஜனாதிபதி சட்டத்தரணி பாயிஸ் முஸ்தபாவின் தரப்பு மறுபுறமுமாகக் குழு இரண்டாகப் பிளந்தது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் நிலைப்பாடு பின்னதற்கே அணுக்கமாக இருந்தது. மணவயது, பெண் காதி, வலி முதலியவற்றில் ஒன்பது ஆண்டுகளில் காண முடியாத இணக்கத்தை, 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிந்திய அச்சம் ஒரு சில மாதங்களில் உண்டாக்கப் பார்த்தது. அச்சத்தில் பிறக்கும் இணக்கம் நிலைப்பதில்லை.

முஸ்லிம்களின் தயக்கத்துக்கு நியாயமான காரணமும் உண்டு. 2020இல் கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் குடும்பத்தாரின் கண்ணீரையும் பொருட்படுத்தாது எரித்தது அரசு. அடக்கம் செய்யும் அனுமதி 2021 பெப்ரவரியிலேயே வந்தது. அதே 2021இல் அதே அரசின் அமைச்சரவை முஸ்லிம் விவாகச் சட்டத்தில் பலதாரமணத்தையும் காதி முறையையும் ஒழிக்கத் தீர்மானித்தது. ஒக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணிக்குக் கலகொட அத்தே ஞானசார தேரரைத் தலைவராக நியமித்தார் ஜனாதிபதி. இறந்தவர்களை அடக்கம் செய்ய விடாத கை, பெண்பிள்ளைகளைக் காப்பாற்ற நீளுகின்றது என்றால் யார் நம்புவர்? சீர்திருத்தத்துக்கு அன்று இழைக்கப்பட்ட தீங்கு, அதன் எதிரிகள் பல ஆண்டுகளில் செய்ததைவிடப் பெரிது.

ஆனால் அந்த அவநம்பிக்கைக்கு விலை கொடுப்பவள் பெண்ணே. முஸ்லிம் பெண்கள் 1980கள் முதல் இச்சட்டத்தைப் பற்றிப் பேசி வருகின்றனர். ஞானசார தேரர் அரங்குக்கு வரும் முன்னரே பேசியவர்கள். அவர்களைப் பேரினவாதத்தின் கைப்பாவை என இகழ்வது வரலாற்றுக்கு மாறானது. அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, 1978க்கு முன்னிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் எனக் கூறுவதால், அவர்களுக்கு நீதிமன்றக் கதவும் பெருமளவுக்கு அடைபட்டே கிடக்கின்றது.

காதி முறையை அடியோடு ஒழிப்பது பற்றியும் நமக்கு மாற்றுக் கருத்துண்டு. தோட்டப் பகுதியில் வாழும் ஏழை முஸ்லிம் பெண் பராமரிப்புப் பணம் கேட்டு வழக்காட வேண்டுமானால், சட்டத்தரணி தோன்ற முடியாத, செலவு குறைந்த காதி மன்றம் அவளுக்குக் கொள்கையளவில் வசதியானது. நடைமுறையில், பகுதிநேர ஊதியம் பெற்று, சட்டப் பயிற்சியின்றி, பல வேளைகளில் தனி அலுவலகமுமின்றி வழக்குக் கேட்கும் காதியார் முன்னே, கணவன் வீட்டாரும் பள்ளிவாசல் பிரமுகர்களும் சூழ நிற்கும் ஆடவர் கூட்டத்தில் அவள் தன் குடும்பக் கதையைக் கூற வேண்டியுள்ளது. காதியார் ஆணாகவே இருக்க வேண்டுமென 12ஆம் பிரிவு கூறுகின்றது. குற்றவியல் தண்டனைகள் தவிர்ந்த விடயங்களில் பெண் நீதி வழங்கலாம் என்று ஹனபி மரபும், எல்லா விடயங்களிலும் வழங்கலாம் என்று இமாம் தபரியும் கருதியிருக்க, 1951ஆம் ஆண்டின் பாராளுமன்றம் இறுக்கமான கருத்தைத் தெரிந்தெடுத்தது. மன்றத்தை மூடிவிட்டு அவளை மாவட்ட நீதிமன்றத்துக்கும் சட்டத்தரணிக் கட்டணத்துக்கும் அனுப்புவதைவிட, பயிற்சி பெற்ற, போதிய ஊதியம் பெறும் காதிகளை, பெண்களையும் உள்ளடக்கி நியமிப்பதே அவளுக்குப் பயன்தரும். மணவயது மட்டும் விதிவிலக்கின்றி 18 ஆக வேண்டும்.

எவ்வளவோ சிக்கலான இந்த விவாதத்தில் மிக எளிய விடயமொன்றும் உண்டு. 1951ஆம் ஆண்டின் சட்டத்துக்கமைந்த பதிவுப் படிவத்தில் மணமகன் கையொப்பமிடுகின்றான், வலி கையொப்பமிடுகின்றார். மணமகளின் கையொப்பத்துக்கு இடமில்லை. விருப்பமின்றித் தந்தை மணமுடித்துக் கொடுத்ததாகக் கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண் முறையிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. மணமகளின் சம்மதத்தை அவளது சொந்தக் கையெழுத்தால் பதிவு செய்வதற்கு எந்த மத்ஹபும் தடை விதித்ததில்லை. பலதாரமணமும் வலியும் பற்றி அறிஞர்கள் இன்னும் எத்தனை ஆண்டுகள் வாதிடினும், அந்த ஒரு வரியைப் படிவத்தில் அச்சிடுவதற்கு எவரது அனுமதிக்காக இத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம் என்பதற்கு, குழுவின் இரு தரப்பாரும் அடுத்தடுத்து வந்த நீதி அமைச்சர்களும் பதில் கூறக் கடமைப்பட்டுள்ளனர்.