பொம்மைக்கு இட்ட பெயர்

ஆங்கில இலக்கியம் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தைப் படிக்கின்றனர். மணத்திற்கு இசையாத மகளைத் தந்தை கடிந்துரைக்கும் கட்டத்தில் 'மம்மெட்' என்றொரு சொல் வருகிறது. 'பொம்மை' என்று அதற்குப் பொருள் கூறிவிட்டு ஆசிரியர் அடுத்த அடிக்குச் சென்று விடுகிறார். பிள்ளைகளும் அதை மனனம் செய்து தேர்வில் தேறி விடுகின்றனர். அச்சொல் எவருடைய பெயரிலிருந்து பிறந்தது என்று வகுப்பிலும் கேட்பாரில்லை, வீட்டிலும் சொல்வாரில்லை.

அது நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரின் சிதைவு. முஹம்மத் என்னும் பெயர் பழைய பிரெஞ்சு மொழியில் 'மஹுமெட்' எனத் திரிந்தது. ஆங்கிலத்தில் 'மாமெட்' ஆயிற்று. அதன் பொருள் என்ன தெரியுமா? விக்கிரகம்! 'மாமெட்ரி' என்றால் சிலை வணக்கம். 14ஆம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் சாசர் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். அதே நூற்றாண்டில் விக்லிஃப் வழிவந்தோர் ஆக்கிய ஆங்கில விவிலியத்தில், விலக்கப்பட்ட விக்கிரகங்களைக் குறிக்கும் சொல்லும் இதுவே.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 630இல், மக்கா வெற்றியின்போது கஃபாவைச் சூழ்ந்திருந்த 360 சிலைகளையும் அகற்றியவர் அண்ணலார். தம் உருவத்தை வரைவதற்கும் இடம் வைக்காத சமுதாயத்தை உருவாக்கியவர். அப்பெருமானாரின் பெயரையே சிலைக்குப் பெயராக்கியதைவிடப் பெரிய முரண் மொழி வரலாற்றில் உண்டோ?

இது எப்படி நிகழ்ந்தது? 1099இல் சிலுவைப் போராளிகள் பைத்துல் முகத்தஸைக் கைப்பற்றினர். ஏறத்தாழ அக்காலத்தில் எழுந்த 'ரோலண்டின் பாடல்' என்னும் பிரெஞ்சுக் காவியம், முஸ்லிம்கள் மூன்று தெய்வங்களை வணங்குவதாகப் பாடுகிறது. நபிகளாரை ஒரு தெய்வமாக்கி, கிரேக்கரின் அப்போலோவையும், எவரும் கேட்டறியாத 'தெர்வகன்' என்ற ஒன்றையும் உடன் சேர்த்தனர். போரில் தோற்றவுடன் முஸ்லிம்கள் தம் 'சிலைகளை'த் தாமே அடித்து நொறுக்கியதாகவும் கதை கட்டினர்.

அறியாமையால் நேர்ந்த பிழை என்று சிலர் சமாதானம் கூறுவர். நாம் அதை முழுமையாக ஏற்பதற்கில்லை. முஸ்லிம்கள் முஹம்மதைக் கடவுளாகக் கருதுவதில்லை, இறைவனின் தூதராகவே கருதுகின்றனர் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே மால்ம்ஸ்பரி வில்லியம் என்ற ஆங்கிலேயத் துறவி எழுதி வைத்தார். 1143இல் திருக்குர்ஆனின் இலத்தீன் மொழிபெயர்ப்பும் முடிந்துவிட்டது. உண்மை மடங்களின் நூலகங்களில் உறங்கிற்று. பொய்யோ சந்தையிலும் அரங்கிலும் ஆடிப் பாடிற்று. போருக்குப் பொய்தான் பயன்பட்டது.

பிறரை அடிக்கச் செய்த கோல் செய்தவர் முதுகிலும் விழுந்தது. 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டண்டுகள் கத்தோலிக்கரின் புனிதர் சிலைகளை 'மாமெட்' என்று இகழ்ந்தனர். பிறகு சொல் தேய்ந்து, குழந்தைகளின் பொம்மையாயிற்று. இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளில் வயற்காட்டுச் சோளக்கொல்லைப் பொம்மையாயிற்று. 'தெர்வகன்' ஆங்கிலத்தில் 'டெர்மகண்ட்' ஆகி, மேடையில் கூச்சலிடும் கொடிய பாத்திரமாகி, இன்று அகராதியில் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் சொல்லாக நிற்கிறது.

"செத்த சொல்லை ஏன் தோண்டுகிறீர்கள்?" என்று கேட்போரும் உளர். சொல் செத்தது, அதை ஈன்ற எண்ணம் சாகவில்லை. அண்ணலாரை இழிவுபடுத்த அன்று வழங்கிய 'மஹௌண்ட்' என்ற மற்றொரு திரிபு, 1988இல் வெளிவந்த ஒரு நாவலில் மீண்டும் எழுந்து வந்ததை உலகமே கண்டது. 'முகமதியர்' என்ற பெயரையும் நோக்குக. கிறிஸ்துவை வணங்குவோர் கிறிஸ்தவர் என்றால், முஹம்மதை வணங்குவோர் முகமதியர் என்ற தவறான கணக்கு அதனுள் ஒளிந்திருக்கிறது. சர் சையது அகமது கான் அலிகாரில் வளர்த்த கல்லூரியே 'முகமதன்' என்ற பெயரைத் தாங்கியிருந்தது. 1920இல் பல்கலைக்கழகமான போதுதான் 'முஸ்லிம்' என்ற சொல் அவ்விடத்தில் அமர்ந்தது. பிறர் சூட்டிய பெயரை நாமே விரும்பி அணிந்திருந்த காலமும் உண்டு என்பதை மறுக்க முடியுமா?

இன்றும் நம் நிலை என்ன? மீலாது மேடைதோறும் தாமஸ் கார்லைல் 1840இல் நபிகளாரைப் புகழ்ந்து ஆற்றிய உரையை முழங்குகிறோம். அதே உரையில் அவர் திருக்குர்ஆனைச் சலிப்பூட்டும் குழப்பமான நூல் என்று கூறியதை எவரும் சொல்வதில்லை. அப்படியொரு புகழுரை எத்தனை நூற்றாண்டுப் பொய்களுக்கு எதிராக எழுந்தது என்றும் சொல்வதில்லை. நற்சான்றிதழ் மட்டும் போதும், வரலாறு வேண்டாம் என்றிருக்கும் சமுதாயத்தின் பிள்ளைகள் அடிக்குறிப்பை மனனம் செய்வதோடு நின்று விடுவதில் வியப்பில்லை.

ஷேக்ஸ்பியரைத் தடை செய்க என்று நாம் கூறவில்லை. அவர் காலத்தில் அச்சொல் வெறும் பொம்மையாகத் தேய்ந்துவிட்டது. கொளுத்துவதால் பொய் எரிவதில்லை, விளக்குவதாலேயே விலகும். நம் பிள்ளை வகுப்பில் எழுந்து, "ஐயா, இச்சொல்லின் பிறப்பு இது" என்று அடக்கத்தோடு சொல்லுமானால், ஆயிரம் கண்டனத் தீர்மானங்களுக்கு அது ஈடாகும்.

இன்னொன்றும் உண்டு. அண்டை வீட்டாரின் சமயத்தை அவரிடமே கேட்டறியாமல், கேள்விப்பட்ட கதைகளைக் கொண்டு நாம் பேசும்போது, நாமும் ஒரு 'மாமெட்'டையே வார்க்கிறோம். அநீதியின் சுவையை அறிந்தவர்கள் அதைப் பிறருக்குப் பரிமாறலாகாது. உண்மையை அறியவும், அறிந்ததை அழகுற எடுத்துரைக்கவும் வல்ல நாயன் நமக்கு அருள் புரிவானாக!