இரு இருள்கள்: டெக்ஸாஸின் மின்சாரக் கூட்டுறவு

விளக்கு அணைந்தவுடன் எவரையேனும் வைதல் மனித இயல்பு. அரசாங்கத்தின் மின்சாரமாயின் மந்திரியை வைகிறோம். கம்பனியின் மின்சாரமாயின் முதலாளியை வைகிறோம். பாவனையாளரே உடைமையாளராயுள்ள கூட்டுறவுச் சங்கத்தில் மின்சாரம் நின்றால் எவரை வைவது? ஐக்கிய அமெரிக்காவில் ஏறக்குறைய 900 மின்சாரக் கூட்டுறவுகள் உள; அவற்றை நம்பி வாழ்வோர் நாலு கோடிக்கும் மேற்பட்டோர். ஆதலின் இதனை வெறும் தர்க்க விளையாட்டு எனத் தள்ளிவிடுதற்கில்லை. மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையை அறிந்த நம்மவர்க்கு, சந்தாப் பணத்தால் பெருங்காரியம் ஆற்றலாம் என்பது புதுமையன்று. ஆயினும், மின்கம்பி வைத்தியசாலையைப் போல ஓரிடத்தில் நிற்பதில்லை. வருத்தமும் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்கக் கூட்டுறவுகளுள் மின்னிணைப்புத் தொகையால் மிகப் பெரியது டெக்ஸாஸ் மாநிலத்துப் பெடர்னேல்ஸ் சங்கம். அது 1938இல் தோன்றியது. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பண்ணைகளுட் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது; இலாபமில்லாத இடத்திற்குக் கம்பி இழுக்கக் கம்பனிகள் மறுத்தன. 1935இல் ரூஸ்வெல்ற் நிறுவிய கிராம மின்வசதி நிர்வாகம் கடன் கொடுக்க முன்வந்தது. ஆனால், மைலுக்கு மூன்று வீடாவது இருத்தல் வேண்டுமென அதுவும் விதித்தது. குன்றுநாடு எனப்படும் அவ்வரண்ட பிரதேசத்தில் அத்தனை வீடுகள் ஏது? அத்தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினரும் பின்னாளில் ஜனாதிபதியுமான லின்டன் ஜோன்சன், ரூஸ்வெல்ற்றை நேரிற் கண்டு வாதாடினார். 1,830 மைல் நீளக் கம்பியால் 2,892 குடும்பங்களுக்கு ஒளி கொடுக்க 1,322,000 டொலர் கடன் கிடைத்தது. வகுத்துப் பாருங்கள்: மைலுக்கு இரண்டு வீடுகூட இல்லை.

இன்று பெடர்னேல்ஸ் பெருத்துவிட்டது. இணைப்புகள் நாலு இலட்சத்தைத் தாண்டிவிட்டன. எனினும், கூட்டுறவுகளைப் பொதுவாக நோக்கின் மைலுக்குச் சராசரி எட்டு இணைப்புகளே. தனியார் கம்பனிகளுக்கோ முப்பதுக்கு மேல். ஒற்றைக் கம்பி மேடும் ஓடையும் கடந்து செல்கிறது. இடையில் ஒரு கொப்பு முறிந்தால் அதற்கு அப்பாலுள்ளோர் யாவரும் இருட்டில். பெரும்பாலும் மாற்றுவழி இராது. பழுதைத் தேடிப் போவதிலேயே பொழுது கழியும். கூட்டுறவு அங்கத்தவர் மற்றையோரிலும் நீண்ட நேரம் மின்னின்றி இருக்கின்றனர் எனப் புள்ளிவிபரம் காட்டுவதற்கு இது முதற் காரணம். இதனைக் கூட்டுறவின் சோம்பல் எனத் தீர்ப்பது அவசரத் தீர்ப்பு.

அப்புள்ளிவிபரத்தின் மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஓராண்டில் பாவனையாளர் எல்லாரும் இழந்த நிமிடங்களைக் கூட்டி, அவர்தம் தொகையால் வகுப்பர். பெரும்புயல் நாட்களை நீக்கியும் ஒரு கணக்கு எடுப்பர். 2020இல் அமெரிக்கச் சராசரி எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெருநிகழ்வுகளை நீக்கினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு புயல் அன்றாடப் பராமரிப்பின் தரத்தை மறைத்துவிடும் என்பதால் நீக்குகின்றனர், அது சரியே. ஆனால், கம்பியின் கடைக்கோடி வீட்டில் வாழும் முதியவளுக்கு, நீக்கப்பட்ட அந்நாட்களே அவள் கண்ட இருட்டு.

2021 பெப்ருவரி 15 விடியுமுன் டெக்ஸாஸில் வந்த இருட்டு ஒருவகை. கடுங்குளிரில் எரிவாயுக் கிணறுகளும் மின்னிலையங்களும் உறைந்தன. அறுபதில் நிற்கவேண்டிய மின்னதிர்வெண் 59.4க்குக் கீழ் வீழ்ந்து நாலு நிமிடத்துக்கு மேல் அங்கே கிடந்தது. ஒன்பது நிமிடம் நீடித்திருப்பின் மாநிலத் தொகுதி முழுவதுமே சரிந்திருக்கக்கூடும். சுமையைக் குறைக்குமாறு விநியோகத்தார் அனைவருக்கும் கட்டளை பிறந்தது. கூட்டுறவுகள் தம் உடைமையாளரின் இணைப்பைத் தாமே துண்டித்தன. 2022 மார்ச்சில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டில் இருந்த நமக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை. ஆனால், நமக்கு நேரசூசியாவது இருந்தது. அங்கே, வைத்தியசாலை முதலியவற்றிற்குரிய கம்பிகளை விலக்கியபின், முறைமாற்றி அணைப்பதற்குப் பல இடங்களிற் கம்பியே எஞ்சவில்லை. அணைந்த வீடுகள் அணைந்தபடியே கிடந்தன. அரசாங்கக் கணக்கின்படி அக்குளிரில் இறந்தோர் 246 பேர். மின்னுற்பத்திக்கென்றே 16 கூட்டுறவுகள் ஒன்றுசேர்ந்து வைத்திருந்த பிராசோஸ் கூட்டுறவு, மெகாவற் மணிக்கு 9,000 டொலராக ஏறிய சந்தை விலையைத் தாங்காது மார்ச் 1ஆந் தேதி வங்குரோத்து மனுச் செய்தது.

2023 பெப்ருவரித் தொடக்கத்தில் வந்த இருட்டு வேறு. மின்னுற்பத்திக்குக் குறைவில்லை. விழுந்தவுடன் பனிக்கட்டியாய் உறையும் மழை பெய்தது. பாரந் தாங்காத கொப்புகள் முறிந்து பெடர்னேல்ஸின் கம்பிகள்மேல் விழுந்தன. இங்கே மாநிலத் தொகுதியைக் குறைகூற இயலாது. மரங்கள் எவருடையவை? பெரும்பாலும் அங்கத்தவருடையவை. முற்றத்து ஓக் மரத்தைத் தறிக்க வரும் சங்கத்துப் பணியாளனை, நிழலும் அழகும் போய்விடுமென்று படலையிலேயே மறிப்பவரும் அங்கத்தவரே. அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு: அப்பிரதேசத்து ஓக் மரங்களைக் கொல்லும் வாடல் நோய் வெட்டுவாயிலே தொற்றுவதால், பெப்ருவரி முதல் யூன் வரை தறித்தல் ஆகாதென மரநூலார் எச்சரிக்கின்றனர். எஞ்சிய மாதங்களில் 8,100 சதுர மைற் பரப்பையும் தறித்து முடித்தல் எளிதோ? அதற்கான செலவும் அங்கத்தவரின் மாதச் சிட்டையிலேதான் ஏறும். சிட்டை ஏறினால் இயக்குநர் தேர்தலில் வாக்குக் குறையும். கொப்புத் தறித்தல் பிற்போடப்படுவதற்கு இதனினும் இலகுவான வழி வேண்டுமோ?

முதல் இருளுக்கு மாநிலத்தின் சட்டமன்றமும் மின்னிலையங்களும் எரிவாயுக்காரரும் பொறுப்பாளிகள்; இரண்டாவதற்குச் சங்கமும் அங்கத்தவரும். இரண்டையும் ஒரே சராசரியிற் போட்டுக் கலக்கும் அறிக்கை எவருக்கும் பயன்படாது என்பது என் துணிபு. வானிலையின் மேற் பழியைப் போட்டுத் தப்ப விரும்பும் முகாமைக்கு மட்டும் அது பயன்படும்.

உடைமை என்பது பத்திரத்தில் மட்டும் இருந்தால் எவரும் இதைக் கேட்கப் போவதில்லை. பெடர்னேல்ஸிலேயே நெடுங்காலம் இயக்குநர் சபை தன் வாரிசுகளைத் தானே தெரிந்துகொண்டிருந்தது. 2007இல் அங்கத்தவர் சிலர் வழக்குத் தொடுத்த பின்னரே தேர்தல் திறந்த தேர்தலாயிற்று. அவ்வாக்கைக் கையிற் பெற்றவர்கள், புயல் நாட்களையும் சேர்த்து, கம்பிக்குக் கம்பி, காரணத்துக்குக் காரணம் பிரித்த இருட்டுக் கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் வைக்கும்படி கேட்கலாம். கொடாத இயக்குநரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கும் அனுப்பலாம்.