மூப்பும் ஆழ்கடலும்

அறுபதைத் தாண்டிய ஒருவர் சித்தாந்தம் கற்கப் புறப்பட்டால் நம்மவர் மெச்சுவர். சோதிடம் கற்றாலும் பொறுப்பர். சுழியோடக் கற்கப் போகின்றேன் என்றாலோ, பேரப்பிள்ளைகள் சிரிப்பர். மக்கள் வைத்தியரை அழைப்பர். வைத்தியரை அழைப்பது சரியே. சிரிப்பதுதான் பிழை.

ஜெர்மனியைச் சேர்ந்த லெனி ரீஃபென்ஸ்டால் என்னும் அம்மையார், 1930களில் ஹிட்லரின் ஆட்சிக்குப் புகழ்தேடும் படங்களை எடுத்தவர். அப்பழி அவரை இறுதிவரை விட்டதில்லை; விடவேண்டும் என்று நாம் வாதிடவும் மாட்டோம். அவரே தம் 71ஆம் வயதில், கென்யாவின் கடற்கரையிலே சுழியோடப் பழகினார். 1902இற் பிறந்தவர், பயிற்சிக்குச் சேர்கையில் வயதில் இருபது ஆண்டைக் குறைத்துச் சொன்னார். கடலடியில் அவர் எடுத்த காட்சிகள், அவருக்கு நூறு வயதான 2002இலே படமாக வெளிவந்தன.

அவருடைய ஊக்கத்தை வியக்கும் நாம், அந்தப் பொய்யை வியக்க இயலாது. இந்நாளிற் பெரிய பயிற்சி நிறுவனங்கள் பத்து வயதைக் கீழெல்லையாக வைத்திருக்கின்றன, மேலெல்லை வைக்கவில்லை. ஆகவே வயதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயிற்சிக்கு முன் தரப்படும் வினாத்தாள், இதயம், நுரையீரல், காது, உண்ணும் மருந்து ஆகியவற்றைப் பற்றிக் கேட்கும். 45 வயதைக் கடந்தவரிடம் புகைத்தல், இரத்த அழுத்தம் முதலியவற்றைத் தனியாகக் கேட்கும். பேராசை கொண்ட கிழவர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதிவிடும் இடம் இதுவே. கழுத்தளவு நீரில் இறங்கியவுடன் காலிலுள்ள இரத்தம் மார்புப் பக்கம் தள்ளப்படுகின்றது. இதயத்தின் சுமை கூடுகின்றது. நிலத்திலே ஒளித்திருந்த நோய் அங்கே வெளிப்படலாம். சுழியோடிகள் இருவர் இருவராகவே இறங்குவர் என்பதையும் நினைக்க வேண்டும். ஒருவர் எழுதிய பொய்க்கு மற்றவரும் ஈடுகொடுக்க நேரும்.

மாணவர் அறிந்த பொயிலின் விதியே இக்கலையின் அரிச்சுவடி. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்காகும்; காற்றின் கனவளவு பாதியாகும். அவ்வாழத்திலே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அக்காற்று இருமடங்காக விரிய முயன்று நுரையீரலைக் கிழித்துவிடும். ஆதலின் மூச்சை அடக்கலாகாது என்பதே முதற்பாடம். மேலே வருவதும் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மிகாதிருத்தல் வேண்டும்; ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்தல் நன்று. பதறுபவரின் சிலிண்டர் விரைவில் வெறுமையாகும். (அதனுள் இருப்பது ஒட்சிசன் என்று பலர் எண்ணுவர், பெரும்பாலும் அது நாம் சுவாசிக்கும் காற்றேயாகும்.) இருநூறு மீற்றர் நீந்தியும் பத்து நிமிடம் மிதந்தும் காட்ட வேண்டும், ஆனால் நீச்சலுக்குக் கால வரையறை இல்லை. நிதானம் வேண்டும் கலையொன்றை முதியோருக்கு ஆகாதது என்று யார் சொன்னார்களோ!

முழங்கால் நோவுடையவருக்குக் கடினமானது கடலன்று. சிலிண்டரை முதுகிற் சுமந்து கரையிலே நடக்கும் அந்தச் சில அடிகளே. உதவியாளரிடம் அதைக் கொடுத்துவிட்டு, நீருக்குள் இறங்கிய பின் பூட்டிக்கொள்ளலாம். இறங்கியபின் உடற்பாரமும் தெரியாது. 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், விண்வெளியின் எடையின்மையை நம்முடைய கடலிலேதான் தேடினார்.

கற்க விரும்புவோர் முதலில் நீச்சற் குளத்திற் பழகுக. திருகோணமலைக் கடல் மே முதல் செப்ரெம்பர் வரையும், ஹிக்கடுவைக் கடல் நவம்பர் முதல் ஏப்ரல் வரையும் அமைதியாயிருக்கும். பல நாள் சுழியோடியவர் விமானம் ஏறுமுன் பதினெட்டு மணி நேரமாவது பொறுத்தல் வேண்டும். விடுமுறைக்கு வந்துபோகும் வெளிநாட்டுப் பிள்ளைகளோடு கற்போர் பயண நாளைக் குறிக்கும்போதே இதனையும் எண்ணிக்கொள்வாராக.