மயக்க மருந்தும் மறைத்த இட்லியும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர் ஒருவர்)

நோயாளியை நால்வர் அழுத்திப் பிடிக்க, அவர் அலற அலற அறுத்த காலம் ஒன்று இருந்தது. 1846-இல் ஈதர் ஆவி அக்கொடுமைக்கு முடிவு கட்டியது. ஆயினும் ஆவியை முகர்ந்து மயங்கச் சில நிமிடங்கள் ஆயின. இருமலும் திணறலும் உடன் வந்தன. 1934-இல் அமெரிக்க மருத்துவர்கள் தயோபென்டோன் என்னும் மருந்தைச் சிரை வழியே செலுத்தினர். ஏறத்தாழ அரை நிமிடத்தில் நோயாளி மயங்கினார்!

இன்று பெரிதும் பயன்படுவது 1986-இல் விற்பனைக்கு வந்த புரோபோஃபால். இது நீரில் எளிதில் கரையாது. எனவே சோயா எண்ணெயில் கரைத்து, முட்டை லெசித்தின் சேர்த்துப் பால்மமாக்குகிறார்கள். அதனால்தான் ஊசிமருந்து பால்போல் வெளுத்திருக்கிறது. இதைக் கண்டறிந்த ஜான் கிளென் ஒரு கால்நடை மருத்துவர். 2018-இல் லாஸ்கர் விருது பெற்றார்.

ஆனால் நண்பர்களே, இது நாம் இரவில் உறங்கும் உறக்கமன்று. உறக்கத்தில் புரையேறினால் இருமி விழித்துக்கொள்வோம். இம்மயக்கத்திலோ அந்த இருமலும் அடங்கிவிடுகிறது. இரைப்பையில் உணவு இருந்தால், அது அமிலத்தோடு மேலேறி நுரையீரலுக்குள் இறங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். திட உணவைக் குறைந்தது 6 மணி நேரத்திற்கு முன்பே நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

நம் ஊர்களில் நடப்பதென்ன? "வெறும் வயிற்றில் கத்தி வைத்தால் பிள்ளை தாங்குமா?" என்று பாட்டி ஓர் இட்லியை மறைத்து ஊட்டிவிடுகிறார். டாக்டர் கேட்டால், "பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலீங்க" என்கிறார். உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் தள்ளிப்போகும், இன்னொரு நாள் கூலி போகும் என்ற அச்சமும் உண்டு.

இதை அறியாமை என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். "வெறும் வயிற்றில் வரவும்" என்று கட்டளையிடுகிறோம், காரணம் சொல்கிறோமா? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்தப் புரையேறும் கதையை அம்மாவிடம் சொன்னேன். "இதை முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா ஒரு வாய் குடுப்போமா?" என்றார்.

மருத்துவமனைச் சீட்டில் காரணத்தையும் ஒரு வரி தமிழில் அச்சிட வேண்டும். அதுவரை அந்த ஒரு வரியை நம் வீட்டிலும் தெருவிலும் சொல்வது நம் கடமை. தவறிச் சாப்பிட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். ஆபரேஷன் ஒருநாள் தள்ளிப்போகலாம்; பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.