பெரியப்பாவின் வயலும் கார்த்திகை மேகமும்

போன வாரம் ஊரிலிருந்து பெரியப்பா போன் பண்ணினார். மன்னார்குடிப் பக்கம் ஐந்து ஏக்கரில் சம்பா போட்டிருக்கிறார். "தண்ணிக்குக் குறை இல்லடா. ஆனா கதிர் வர்ற நேரம், பத்து நாளா சூரியனையே காணோம்" என்றார். ஆற்றில் தண்ணீர் வந்தால் நெல் விளைந்துவிடும் என்று நினைப்பதெல்லாம் என்னைப் போல ஊரை விட்டு வந்தவர்கள்தான்.

அரிசி என்பது பெரும்பாலும் மாவுச்சத்து. கதிர் வந்த பிறகு இலைகள் வெயிலில் சமைத்து அனுப்புவதுதான் அதில் பெரும்பங்கு. கதிரை ஒட்டி மேலே நிற்குமே கண்ணாடி இலை, அதுதான் தலைமைச் சமையல்காரர். அடுப்பில் தீ இல்லையென்றால் அவர் என்ன செய்வார்?

கதிர் வெளிவருவதற்கு முந்தைய ஒரு மாதம் வெளிச்சம் குறைந்தால், கதிரில் மணிகளின் எண்ணிக்கையே குறையும். பூத்ததிலிருந்து அறுவடை வரையிலான சுமார் 30 நாட்களில் குறைந்தால் பதரும், பாதி நிரம்பிய கருக்காயும்தான் மிஞ்சும். சம்பாவுக்கு இந்த நாட்களில் பாதி, வடகிழக்குப் பருவமழையோடு வந்து மாட்டிக்கொள்கிறது. குறுவைக்கு வெயில் பஞ்சமில்லை, அதற்குத் தண்ணீர்தான் கவலை.

விஷயம் நம் சமையலறைக்கும் வருகிறது. கொஞ்சம் பச்சரிசியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சில மணிகளின் வயிற்றில் சுண்ணாம்பு வைத்தது போல வெள்ளைத் திட்டு இருக்கும். மாவுத் துகள்கள் நெருக்கமாக அடுங்காமல், நடுவே காற்று புகுந்த இடம் அது. இப்படிப்பட்ட அரிசி மில்லில் சுலபமாக உடைந்து நொய்யாகிவிடும். நெல்லைப் புழுக்கினால் மாவு இளகி ஒட்டிக்கொள்வதால் வெள்ளை பெரும்பாலும் மறைந்துவிடும். அதனால் இட்லி அரிசியில் தேடாதீர்கள். எல்லாப் பழியையும் மேகத்தின் மேல் போடவும் கூடாது. சில ரகங்களுக்கு இது பிறவிக் குணம். பால் பிடிக்கும்போது கடும் வெப்பம் அடித்தாலும் வரும்.

மங்கலான வெளிச்சத்தை ஓரளவு தாங்கும் ரகங்களும் உண்டு. கேரளத்துப் பட்டாம்பியில் உருவான ஸ்வர்ணபிரபா அப்படிப்பட்டது. கட்டாக்கில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதைப் பற்றித் தொடர்ந்து ஆராய்கிறார்கள். ஆனால் நட்டு முடித்த வயலில் ரகத்தை மாற்ற முடியாதே!

பெரியப்பாவின் கேள்வி வேறு. "பக்கத்து வயல்ல யூரியா போட்டுட்டாங்க. நானும் ஒரு மூட்டை போடட்டுமா?"

வேண்டாம் என்றேன். மேகமூட்டத்தில் தழைச்சத்து கூடினால் இலை கொழுத்து, ஒன்றின் மேல் ஒன்று நிழல் போடும். இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் கீழ் இலைக்குப் போகாது. தண்டு மெலிந்து, ஒரு காற்றுக்கே பயிர் சாய்ந்துவிடும். குலைநோய்க்கும் புகையானுக்கும் அது விருந்து வைத்த மாதிரி.

"படிச்சவன் சொல்றே, கேட்டுக்குறேன்" என்றார், அரை மனதாக.

நேற்றுக் காலை ஒரு மணி நேரம் வெயில் வந்ததாம். மூட்டை இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது என்று பெரியம்மா சொன்னார்.