உதிர்வது வீட்டில், தொடக்கம் நர்சரியில்

ஃபைகஸ் பெஞ்சமினா வாங்கிப்போன வாடிக்கையாளர் அடுத்த வாரம் போன் செய்தால் என்ன சொல்வார் என்று நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்: "பச்சையாவே கொட்டுதுங்க." நாம் வழக்கமாகச் சொல்லும் பதிலும் தெரிந்ததுதான்: "தண்ணி நல்லா ஊத்துங்க, சரியாயிடும்." இலை உதிர்ந்ததால் மட்டும் சாகாத செடியை இந்தப் பதில் சாகடித்துவிடுகிறது. உட்புறச் செடி விற்பவர்களும், அலுவலகங்களுக்கு வாடகைக்கு வைப்பவர்களும் இதைப் பேசியாக வேண்டும்.

ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வந்து இறங்கும் செடி பெரும்பாலும் திறந்த வெயிலில் வளர்ந்தது. உச்சிவெயிலில் அங்கே 1,00,000 லக்ஸ் வரை ஒளி. சென்னை அடுக்ககத்தின் வரவேற்பறையில், ஜன்னலிலிருந்து நாலு எட்டு உள்ளே தள்ளி வைத்தால், பகலிலேயே 300 லக்ஸ் கிடைப்பது பெரிய விஷயம். நம் கண் மங்கலுக்குப் பழகிக்கொள்வதால் அறை வெளிச்சமாகத்தான் தெரிகிறது. வெயிலில் உருவான இலையோ சிறியது, தடித்தது, சுவாசத்துக்கே நிறையச் செலவழிப்பது. அந்த மங்கலில் அது சமைக்கும் உணவு அதன் சொந்தச் செலவுக்குப் போதாது. தன்னைத் தாங்காத இலையைச் செடி கழற்றிவிடுகிறது.

கழற்றும் இடம் இலைக்காம்பின் அடியில் உள்ள மெல்லிய உதிர்வடுக்கு. நன்றாக வேலை செய்யும் இலையிலிருந்து ஆக்சின் காம்பு வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். அதுவரை அந்த அடுக்கு அசையாது. வரத்துக் குறைந்ததும் அடுக்கு எத்திலீனுக்கு மசிய ஆரம்பிக்கும், செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையை நொதிகள் கரைக்கும், இலை விழும். எத்திலீன் வெளியிலிருந்து வந்தாலும் விளைவு இதுதான். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்கு வாயு கசிந்த இடங்களில் மரங்கள் இலை கொட்டின. அந்த வாயுவில் இருந்த எத்திலீன்தான் செடிகளைப் பாதிக்கிறது என்று 1901இல் ரஷ்ய விஞ்ஞானி நெல்யூபோவ் கண்டறிந்தார். பழுக்கும் பழமும் எத்திலீனை விடும்; பழுத்த மாம்பழக் கூடையோடு மூடிய வண்டியில் செடி ஏற்றுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

புகார் வந்த வீட்டுக்குப் போனால் முதலில் தரையில் கிடக்கும் இலையைக் கையில் எடுங்கள். பச்சையாக, காம்பின் நுனி வழவழவென்று முழுசாகக் கழன்றிருந்தால் ஒளி மாற்றமோ, பயணமோ, ஏசி காற்று நேரே அடிப்பதோ காரணமாக இருக்கலாம். அடியிலைகள் மஞ்சளாகி விழுந்தால் வேரைச் சந்தேகியுங்கள். கருகி மொறுமொறுவென்று கிளையிலேயே தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவலை: உதிர்வடுக்கு வேலை செய்வதற்குள் இலை செத்துவிட்டது, கிளையும் போயிருக்கலாம். ஒரு முள்ளால் குத்திப் பாருங்கள். பால் வந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. இலையின் அடிப்புறத்தையும் பார்த்துவிடுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் செதில்பூச்சியோ மாவுப்பூச்சியோ, நுண்ணிய வலை இருந்தால் சிலந்திப்பேன். பூச்சி வைத்தியம் நம்மவர்களுக்குக் கைவந்தது, அதை விரிக்கவில்லை.

தண்ணீருக்கு வருவோம். இலை குறைந்து, ஒளியும் குறைந்த செடி குடிப்பது மிகக் கொஞ்சம். களிமண் உருண்டையோடு வந்த செடியை அப்படியே கோகோபீட்டுக்குள் இறக்கியிருந்தால் சிக்கல் இரட்டிப்பு. மேலே கோகோபீட் காய்ந்து வெளுத்துத் தெரியும், உள்ளே களிமண் சேறாக இருக்கும். அதற்கு மேல் ஓட்டையில்லாத அலங்காரத் தொட்டி. மூச்சுமுட்டி வேர் அழுகும், மேலும் இலை கொட்டும், வீட்டுக்காரர் மேலும் ஊற்றுவார். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். இலை துளிர்த்து நிற்கும்வரை உரம் வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

இத்தனையும் உதிர்ந்த பிறகு செய்வது. ஃபுளோரிடாவின் அபோப்கா ஆராய்ச்சி நிலையத்தில் கோனோவர், பூல் என்ற ஆய்வாளர்கள் 1970களில் இந்தச் செடியை வைத்தே காட்டிய வழி எளிது. விற்பதற்கு முன்பே நிழலில் வளர்த்து, உரத்தையும் குறைத்துப் பழக்கிய செடி, அறைக்குள் போனதும் வெயிலில் வளர்ந்ததைவிட மிகக் குறைவாகவே இலை கொட்டியது. திசு வளர்ப்பு வாழைக் கன்றைச் சில வாரம் நிழல்வலையில் வைத்து வெயிலுக்குப் பழக்காமல் நாம் யாரும் வயலுக்கு அனுப்புவதில்லை. எதிர்த்திசையில் போகும் செடிக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. காலையில் வெயில், மாலையில் எட்டாவது மாடி. சிறிய செடியானால் 50 சதவீத வலையில் ஒரு மாதம், பிறகு 75 சதவீத வலையில் ஒரு மாதம் வைத்து அனுப்பலாம். ஆள் உயரச் செடிக்கு இன்னும் சில மாதம் வேண்டும்.

இடம் அடைபடும், முதல் முடங்கும் என்பார்கள். உண்மைதான். பழகிய செடி பக்கத்தில் நிற்கும் வெயில் செடியைவிடக் கொஞ்சம் மெலிந்து தெரியும் என்பதும் உண்மை. அடர்த்தியைப் பார்த்து வாங்குகிறவர் அதை ஒதுக்கத்தான் செய்வார். அதற்காக மலிவு விலைப் போட்டியில் இறங்காமல், பழக்கிய செடி என்று சொல்லி, கூடுதல் விலை வைத்து விற்கலாம் என்பதே என் கருத்து. வாடகைக்குச் செடி வைப்பவர்கள் உதிர்ந்ததை மாற்றிக்கொண்டே இருந்து, அந்தச் செலவை மாத வாடகையில் ஏற்றிவிடுகிறார்கள். அது பராமரிப்பு ஆகாது. செடி வைக்கும் முன் லக்ஸ் மீட்டரை ஒருமுறை நீட்டுங்கள். பகல் முழுக்க 1,000 லக்ஸாவது கிடைக்காத மூலைக்கு ஃபைகஸ் கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டு ஸ்நேக் பிளான்டோ ஜீஜீ செடியோ கொடுங்கள்.

உதிர்ந்து மொட்டையான செடியை ஜன்னலுக்கு அருகே, ஏசி காற்றுப் படாத ஒரே இடத்தில் வைத்து விடச் சொல்லுங்கள். தினம் ஒரு மூலைக்கு நகர்த்தினால் தேறாது. சில வாரங்களில் வரும் புதுத் துளிர் அகலமாக, மெல்லிசாக, கரும்பச்சையாக இருக்கும். அந்த அறை ஒளிக்கென்றே உருவான இலை அது. இதனாலேயே, அலுவலகத்திலிருந்து திரும்பி வரும் செடியைத் தேறட்டும் என்று நேரே வெயிலில் இறக்கக் கூடாது. இரண்டே நாளில் அந்த இலைகள் வெந்து வெளுத்துவிடும். வந்த அன்றே 75 சதவீத வலைக்குக் கீழே வையுங்கள்.